உண்மைத் தீயின் ஒழுங்கீனம்

கொல்கத்தா நியூ டவுனில் ஆறாவது மாடியில் இயங்கும் கிழக்கு மண்டலக் கோணிப்பை மேம்பாட்டு வாரியத்தில், தீப்பிடித்தால் ஊழியர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கண்ணில் மாட்டும் விஆர் கருவி மூலம் கற்றுத்தருவதென மேலிடம் தீர்மானித்தது. நிஜமாகத் தீ வைத்துப் பயிற்சி தருவதில் சில நிர்வாகச் சிக்கல்கள் இருந்தன. தொண்ணூறு மதிப்பெண் எடுத்தால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது.

வத்சலா அங்கே கிளார்க். டாலிகஞ்சிலிருந்து இரண்டு வண்டி மாறி வருகிறவள். பதினோரு வருடம் காத்திருந்து, இப்போதுதான் செக்‌ஷன் ஆபீசர் பட்டியலில் முதல் பெயராக வந்திருந்தாள்.

கருவியை மாட்டியதும் சுற்றிலும் தீ. பொம்மைத் தீ என்று தெரிந்தும் உடம்பு நம்பவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தி, மண்டி போட்டு, சுவரோரமாக ஊர்ந்தாள். விழுந்து கிடந்த பொம்மை மனிதரைத் தூக்கப் போய், வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு குப்புற விழுந்தாள்.

பதினான்கு மதிப்பெண்.

"தீதி, நடக்கவே கூடாது," என்றாள் பயிற்சியாளர் கீதாஞ்சலி, அக்கா முறை வைத்து, வங்காள மொழியில். "போகவேண்டிய இடத்தைக் கையால காட்டி, கைப்பிடியில இருக்கிற பொத்தானைக் கட்டைவிரலால அழுத்துங்க. அங்க போய் நிப்பீங்க."

"நடுவுல தீ இருக்கே?"

"இருக்கட்டுமே. அது சுடாது."

மண்டல மேலாளர் சௌந்தரராஜனுக்குத் தொண்ணூற்றேழு. மூட்டுவலியால் ஒரு மாடிக்குக்கூட லிஃப்டைத் தேடும் அவர், தீயை மூன்று முறை கடந்து, பதினேழு பேரைக் காப்பாற்றி, ஆறாவது மாடியிலிருந்து குதித்து, சிரித்தபடி நின்றார்.

மூன்றாம் வாரம், பகல் பதினோரு மணிக்கு, பேன்ட்ரியில் டோஸ்டர் எரிந்து புகை கிளம்பியது. முன் அனுமதி எதுவும் பெறாமல்.

சான்றிதழ் பெற்ற முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் இடத்தில் எழுந்து நின்றார்கள். சௌந்தரராஜன் படிக்கட்டுக் கதவை நோக்கிக் கையை நீட்டி, கட்டைவிரலை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார்.

"வத்சலா, என்னம்மா இது, போகமாட்டேங்குது?"

"சார், காலை எடுத்து வைங்க! நடந்தாத்தான் போகும்!"

அக்கவுண்ட்ஸ் ராம்கி ஜன்னலில் ஒரு காலை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லோரையும் தமிழிலும் வங்காளத்திலும் அதட்டி, குனியவைத்து, ஆறு மாடியும் இறக்கினாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணைக் குழு அறிக்கை தந்தது: 'சான்றிதழ் பெற்றோரின் செயல்திறனில் குறையேதும் காணப்படவில்லை. மேற்படி தீ, அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தின்படி நடந்துகொள்ளவில்லை.' வத்சலாவுக்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. பதினான்கு மதிப்பெண் மட்டுமே பெற்ற தாங்கள், உரிய தகுதியின்றி முப்பத்தெட்டுத் தகுதியாளர்களைக் காப்பாற்றியது ஏன்?

மெமோவை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். "சார், உங்களையும்தானே இழுத்துட்டு வந்தேன்?"

"அதுக்கு ரொம்ப நன்றிம்மா. ஆனா ஃபைல்ல நன்றிக்குன்னு ஒரு கட்டம் இல்லையே. பேசாம இன்னொரு தடவை பரீட்சையை முடிச்சுடு."

முடித்தாள். இந்த முறை குனியவில்லை, ஊரவில்லை. கையைக் காட்டினாள், அழுத்தினாள். தரையில் கிடந்த பொம்மை மனிதர் "பச்சாவோ, காப்பாத்துங்க" என்று கத்தினார். அவரைத் தாண்டிப் போய் நின்றாள். தொண்ணூற்றொன்பது.

கருவியைக் கழற்றியபோது, கொஞ்சம்கூடப் பயம் வரவில்லையே என்று ஒரு கணம் பயமாக இருந்தது. மதிப்பெண்ணைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

புது நாற்காலியில் உட்கார்ந்த அன்று ஆபீஸ் முழுக்க சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள். முதல் ஃபைலை ராம்கி கொண்டுவந்தான். அடுத்த கட்டப் பயிற்சிக்கு முன்னூறு கருவிகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. வைக்க இடமில்லாததால், தற்காலிகமாகப் படிக்கட்டில் அடுக்கலாம் என்று எழுதியிருந்தது.

வத்சலா இரண்டு முறை படித்தாள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு மேடம். உங்களோடதுதான் பாக்கி."

போட்டாள். பெட்டிகளை அடுக்க ஆபீஸே ஒற்றுமையாக ஆளுக்கொரு கை கொடுத்தது. புது ஆபீசர் என்ற பந்தா இல்லாமல், வத்சலாவும் இரண்டு பெட்டி தூக்கினாள்.