குதிரை மட்டும் இல்லாத கன்ட்ரி அண்ணன்

பாஸ்போர்ட் இல்லாமல்கூட ஒருவன் ஊருக்குப் போய்விடலாம். கன்ட்ரி அண்ணன் பாட்டு இல்லாமல் அரபு நாட்டில் எங்கள் ராஸ் அல் கைமா டைல்ஸ் ஃபேக்டரித் தொழிலாளர் கேம்பிலிருந்து எவனும் போனதில்லை.

அண்ணன் பரமக்குடிக்காரர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வண்டியில் ‘கன்ட்ரி’ என்ற பழைய அமெரிக்க மாட்டுக்காரப் பாட்டுகளைக் கேட்டவர், மறுவாரமே பெரிய தொப்பியும் ஓட்டைக் கிட்டாருமாக வந்து நின்றார்.

“இந்தப் பாட்டு நமக்குன்னே செஞ்சதுடா தம்பி. லாரி இருக்கு, புழுதி இருக்கு, பொண்டாட்டி தூரமா இருக்கா. குதிரை ஒண்ணுதான் இல்ல, மாஃபி!”

கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தபோது ஊருக்குப் போகிற கார்ட்டன் பெட்டி கட்டும் நைலான் கயிற்றைப் பூட்டினார். சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

லீவில் போகிறவன் கார்ட்டனைக் கயிறு போட்டு இறுக்கும்போது அவனைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டுவார். பாடி முடித்த பிறகுதான் ஏர்போர்ட் வேன் ஏற வேண்டும். என் முறை வந்தபோது என் குறட்டையைப் பாடினார். நான் ஊர் சேருமுன் பாட்டு போனில் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மனைவி அதைப் பாடிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

போன வருடம் அண்ணனுக்கே வேலை முடிந்தது, கலாஸ்; ஒரேயடியாக ஊருக்கு. கார்ட்டன் கட்டியாயிற்று. மனுஷன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பாட்டு இல்லாம எவன்டா இங்கேருந்து வண்டி ஏறியிருக்கான்?”

“நீங்களே பாடிக்கங்கண்ணே.”

“தனக்குத்தானே எவனாவது தாலி கட்டிக்குவானாடா?”

வேன் டிரைவர் கான் பாய் ஹாரனிலேயே படுத்துவிட்டார். “யல்லா பாய், ஜல்தி! ஃபிளைட் கலாஸ்!”

கேம்பிலேயே பெரிய வாய் என்னுடையது என்பதால் என்னை முன்னே தள்ளினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“கன்ட்ரி அண்ணன் போறாரு, காதுக்கெல்லாம் விடுதலை...”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. “சுருதி மாஃபி. மறுபடி.”

மறுபடி பாடினேன். அடுத்த அடி தானாக வந்தது.

“கார்ட்டன் கட்டிப் போறவனுக்கு யாரு இனிமே பாடுவா...”

அண்ணன் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். “இப்பதான்டா கன்ட்ரி!” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

இப்போது போகிறவர்களுக்கு நான்தான் பாடுகிறேன். வீடியோ காலில் பரமக்குடியிலிருந்து தொப்பி ஒன்று எட்டிப் பார்க்கும். “சுருதி மாஃபிடா!” என்று அது திட்டிய பிறகே வேன் கிளம்பும்.

எனக்குச் சுருதி வராது. வந்தாலும் சேர்க்கமாட்டேன்.