வசனம் மாஸ்டரும் கலப்புத் துணியும்

பைபிளைக் கேட்காமல் டீகூடக் குடிக்காத மனிதர் திருப்பூரில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வந்து வாய்த்தார். தெற்குச் சீமைக்காரர். நிஜப்பெயர் அட்டென்டன்ஸ் நோட்டில்கூடக் கிடையாது, 'வசனம் மாஸ்டர்' என்றுதான் எழுதியிருக்கும்.

விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்காரச் சொல்லி பைபிளில் இருக்கிறதாம். அதனால் பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் இவர் உட்காருவார். பல்லடம் பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. மனுசர் வருசக்கணக்காக நின்றுகொண்டே வேலைக்கு வந்தார். ஒரு கன்னத்தில் கொசு கடித்தால் மறு கன்னத்தையும் காட்டுவார் என்று பேக்கிங்கில் பேசிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்பினேன்.

செல்போனில் இன்கமிங் இலவசமாகியிருந்த சமயம் அது. நல்லூரில் இருந்த எங்கள் சின்ன யூனிட்டுக்கு, அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கிலேயே காலம் தள்ளிய முதலாளிக்கு, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைத்தது. சனிக்கிழமை சரக்கு லாரி ஏற வேண்டும். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது, மறுபடி ஜாப் ஒர்க்தான். திங்கட்கிழமை துணி வந்தது. பாதி காட்டன், பாதி பாலியஸ்டர். மாஸ்டர் தொட்டுப் பார்த்தார், கட்டிங் மெசினை ஆஃப் செய்தார்.

"வெட்ட மாட்டேன் மொதலாளி. ரெண்டு நூலு கலந்த துணி கூடாதுன்னு எழுதியிருக்கு. காலையிலதான் வாசிச்சேன்."

முதலாளி பைபிளை வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், இதுல கம்பளியும் சணலும்னுதானுங்க இருக்குது? இது பாலியஸ்டருங்க!"

"அப்போ பாலியஸ்டர் கெடையாது மொதலாளி. இருந்திருந்தா அதையும் எழுதியிருப்பாவ."

சூப்பர்வைசரான எனக்கே தலை சுற்றியது. மாஸ்டர் போகும் சர்ச்சின் பாஸ்டருக்குப் போன் போட்டேன். "அந்தச் சட்டமெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்கு, பிரதர்" என்றார்.

மாஸ்டர் போனைப் பிடுங்கினார். "அப்போ களவு செய்யாதேன்னதும் அந்தக் காலத்து ஆளுவளுக்குத்தானா, ஐயரே?" அவர் ஊர்ப்பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாஸ்டர், ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா என்று சாப்பாட்டு நேரத்தில் முருக பக்தனான நானே பைபிளைப் புரட்டினேன். முயல்கறி தின்னக்கூடாது என்று போட்டிருந்தது. இருக்கிற குழப்பம் போதும் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மாஸ்டர், நீங்க வெட்டுற சுத்தக் காட்டன் பனியனைக்கூட இங்க பாலியஸ்டர் நூல்லதானுங்க தைக்கிறோம். அது கலப்பு இல்லீங்களா?"

மாஸ்டர் கட்டிங் டேபிளிலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமாவா தம்பி?" என்றார். வெட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும், தைக்கும் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு எந்தத் துணியையுமே தொட மாட்டேன் என்றுவிட்டார்.

"உன்ற வாயை வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டியாப்பா?" என்று முதலாளி என்மேல் பாய்ந்தார். சீசன் நேரம், வேறு கட்டிங் மாஸ்டரும் கிடைக்கவில்லை. புதன்கிழமையும் போனது. முதலாளி சாப்பிடவில்லை. அரச்சலூர்க்காரி சரசக்கா, அயர்ன் பண்ணுகிறவர், பெட்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், கூடாதுங்கறதையே படிக்கறீங்களே. ஆராச்சும் இக்கட்டுல மாட்டிக்கிட்டா என்ன பண்ணோணும்னு அதுல ஒண்ணும் இல்லீங்களா?"

மாஸ்டர் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதுதான், ஆனால் அன்றைக்கு ஆடு குழியில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்கிற இடத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்.

"ஆடு குழியில கெடக்குலா" என்றார்.

"ஆருங்க, நானுங்களா?"

"நீங்கதான் மொதலாளி."

"சரிங்க, ஆடாவே இருந்துட்டுப் போறேன். மெசினைப் போடுங்க!"

சனிக்கிழமை லாரி போய்விட்டது. ஒவ்வொரு அடுக்குத் துணிக்கும் முன்னால் மாஸ்டர் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டதால் நாங்கள்தான் தவித்துப் போனோம். லாரி தெருமுனையில் திரும்பி மறைந்ததும், "நீங்க செஞ்சது சரிங்களா, தப்புங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. ஆடு மேல வந்துட்டு. மிச்சத்தை ஆண்டவரு பாத்துக்கிடுவாரு."

மறுவருசம் எனக்கு மகள் பிறந்தாள். ராயபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மாஸ்டர், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டையை நீட்டினார். அவரே வெட்டி, அவரே தைத்தது. "கடை கடையா அலைஞ்சு தைக்கிற நூலும் காட்டனாவே வாங்கிட்டேன். பிள்ளைக்காவது கலப்பு வேண்டாம்" என்றார்.

மனுசருக்கு வெட்டத்தான் தெரியும். முதல் துவைப்பிலேயே ஒரு கை தனியாக வந்துவிட்டது. என் மனைவி சிரித்துக்கொண்டே பாலியஸ்டர் நூலை ஊசியில் கோத்தாள். எனக்கு என்ன வந்ததோ, சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். மாஸ்டருக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்றேன். ஒரு கை இல்லாமலே அது இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.