மூன்று பின் கியர்களும் ஒரு முன் கியரும்

லங்காஸ்டர், கலிபோர்னியா
தொழிலாளர் தினம், 1957, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

மரியாதைக்குரிய ஆர்லோ மாமாவுக்கு,

தங்கள் தங்கை வெல்மாவின் மகன் வெண்டெல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். காரின் முன்பாதியும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஏரியில் மீன் கடித்ததா? தங்கள் வாசல் ரோஜாச் செடி பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்கிறாள். வேர் போகவில்லையாம்.

மரியாதை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் சொன்னது இது: "உங்கம்மா வண்டி என் வாசலுக்கு வரலைடா. யாரோ இழுத்துட்டு வந்து விட்டிருக்காங்க. எதிர்வீட்டு கிரிம்ஸ்லி அம்மா கண்ணால பாத்திருக்கு. போலீஸ் வண்டி முன்னாடி, உங்க வண்டி அதுக்குப் பின்னாடி, அதுவும் பிட்டத்தைக் காட்டிக்கிட்டு. கயிறு கட்டி இழுக்காம எந்த வண்டிடா அப்படி வரும்?"

நல்ல கேள்வி. பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. உண்மை மட்டும்தான் இல்லை.

ஈஸ்டர் விருந்தில் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே நீங்கள் வைத்த நிபந்தனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தொழிலாளர் தினத்தன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கோழிக்கூண்டு தன் காலால என் வாசலுக்கு வந்துடணும், வெல்மா. வந்தா கொட்டகை உனக்கே. வரலேன்னா வண்டி பழைய இரும்புக்கு, கொட்டகை என் படகுக்கு." அம்மா உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கோழிக்கூண்டு என்று நீங்கள் சொல்வது முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு கூப்பே. வாங்கும்போது உள்ளே கோழிகள் இருந்தது உண்மை. ஒன்று ஸ்டீயரிங்கை விட்டு இறங்க மறுத்ததும் உண்மை.

எங்கள் வீட்டோடு இருந்தாலும் தங்களுக்குச் சொந்தமான அந்தக் கொட்டகை அம்மாவுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடக் கேண்டீனில் பீன்ஸ் அள்ளிப் போடுகிற கை. உலகப் போர்க் காலத்தில் அதே கை குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு ரிவெட் அடித்தது. கொட்டகைக்குள் போனால்தான் அந்தக் கைக்குத் தன்னைப் பற்றிய ஞாபகம் வருகிறது. இதை நான் அவளிடமே சொன்னேன்.

"ஸ்பேனரை எடு" என்றாள்.

வசந்தமும் கோடையும் முழுக்க வேலை. என்ஜினைப் பிரித்துக் கோத்தோம். கூரையை அறுத்துத் தாழ்த்தி மறுபடி ஒட்டவைத்தோம். பழைய வண்டியை வேகத்துக்காக மாற்றிக் கட்டுகிற ஹாட் ராட் என்றால் அப்படித்தான், கூரை புருவத்தில் உட்கார வேண்டும், பார்க்கிறவன் ஒரு அடி விலகி நிற்க வேண்டும். பின்கண்ணாடி தபால் பெட்டியின் வாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கவலைப்படவில்லை. பின்னால் பார்க்க என்ன அவசியம் வந்துவிடப் போகிறது.

இனி, செய்த பிழை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் அடிப்பக்கத்தைப் பற்றவைக்க வேண்டியிருந்தது, கீழே மல்லாந்து படுத்துப் பற்றவைத்தால் பொறியெல்லாம் முகத்தில் விழுகிறது, அதனால் அம்மா அதை அப்படியே புரட்டி மரமுக்காலிகள் மேல் தலைகீழாகப் போட்டாள், செத்த கரப்பான் மாதிரி விட்டத்தைப் பார்த்துக் கிடந்தது, பற்றவைத்து முடித்ததும் கை பரபரக்க, பின் அச்சையும் இப்பவே மாட்டிடுவோம், நிமிர்த்தின அப்புறம் குனியறது யாரு என்றாள், நானும் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தேன், "புடைப்பா இருக்கு பாரு, அந்தப் பக்கம் இடப்பக்கம் வரணும்" என்றாள், "யாரோட இடதும்மா, நம்ம இடதா வண்டியோட இடதா" என்று கேட்டேன், "இடதுன்னா இடதுதாண்டா, இதுக்கெல்லாமா காலேஜ்ல பாடம் நடத்துவாங்க" என்றாள், மாமா, உண்மையில் அதைத்தான் நடத்தினார்கள், ஒரு பருவம் முழுக்க, இடது என்பது பொருளின் குணமா பார்ப்பவன் நிற்கிற இடமா என்று, நான் விளக்க வாயைத் திறந்தேன், அம்மா "பிடி" என்றாள், பிடித்தேன்.

சேசிஸை நிமிர்த்தினோம். எங்கள் இடதுக்கு மாட்டிய அச்சு தலைகீழானது. பார்த்தால் தெரியாது. எண்ணெய் ஊற்றும் துளை மட்டும் மேலே இருப்பதற்குப் பதில் அடியில் இருந்தது. அம்மா கீழே படுத்து எண்ணெயை மேல்நோக்கிப் பீய்ச்சினாள். பாதி அச்சுக்குப் போனது, பாதி தலைமுடிக்கு. "இதை எவன்டா இங்க வச்சான்" என்றாள். அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கத்தானே என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அச்சு தலைகீழானால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னால் போகிற மூன்று கியர்களும் பின்னால் போகும். பின்னால் போகிற ஒன்று முன்னால் போகும்.

இது எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் தெரியவந்தது. கொட்டகைக் கதவு திறந்திருக்கிறது. காரின் மூக்கு தெருவைப் பார்த்து. அம்மா தலையில் துணி கட்டி, உதட்டுச்சாயம் பூசி. நான் பக்கத்தில். முதல் கியர். கிளட்சை விட்டாள்.

கொட்டகையின் பின்சுவர் வழியாக வெளியே போனோம்.

(கொட்டகைக்கு இப்போது இரண்டு வாசல், மாமா. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.)

கார் துணிக்கொடியில் போய் நின்றது. கூரை மேல் என் பனியன்கள். தூசி அடங்கியது. பிறகு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ஹாரன் தானாக அடித்துக்கொண்டிருக்க. எனக்கும் தொற்றிக்கொண்டது.

ரிவர்ஸ் போட்டால் முன்னால் போனது. மணப்பெண் மேடைக்கு நடக்கிற வேகத்தில். தெருமுனைக்குப் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது.

"இப்படியே போனா அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர கிறிஸ்துமஸ் ஆயிடும்" என்றாள்.

"அச்சைக் கழட்டித் திருப்பி மாட்டிடலாம்மா."

"கழட்டினா திங்கக்கிழமைக்குள்ள மாட்டுவோமோ என்னமோ. ஓடறப்பவே ஓட்டிடணும். நமக்கு மூணு கியர் எந்தப் பக்கம்டா இருக்கு?"

"பின்பக்கம்."

"அப்ப அந்தப் பக்கமே போவோம்."

போனோம். தபால் பெட்டி வாய் வழியாக அவளுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது, ஆகவே நான் பின்மூடி மேல் ஏறி உட்கார்ந்து வழி சொல்லவேண்டியதாயிற்று, அவள் கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்ட, நான் "இடது, இடது" என்று கத்த, அவள் "யாரோட இடதுடா" என்று உள்ளிருந்து கத்த, குதிரைமசால் தீவன வயல்களுக்கு நடுவே இரண்டாவது கியர், பிறகு மூன்றாவது, என் டை முதுகுப்பக்கம் பறக்க, எதிரே வந்த பழ லாரிக்காரர் எங்களுக்கு வழிவிடுவதா எங்களை முந்துவதா என்று தெரியாமல் ஓரம் கட்டி நின்று தொப்பியைக் கழற்றினார்.

இந்த வட்டாரப் போலீஸ்காரர் டெபுடி காஃப்மன் அங்கேதான் வந்தார். பக்கவாட்டில் வந்து, எங்கள் கூடவே ஓட்டியபடி கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, நீங்க போறீங்களா, வர்றீங்களா?"

"போறேன்."

"பின்னாடி போறீங்களே."

"வண்டிதான் பின்னாடி போகுது. நான் முன்னாடிதான் போறேன்."

நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். சுற்றி வந்து பார்த்தார். நம்பர் பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை, என்னை ஒருமுறை.

"எந்த கியர்ல வந்தீங்க?"

"மூணாவது."

"மூணாவது கியர்ல ரிவர்ஸ் போனா என்ன குத்தம்னு எங்க புத்தகத்துல இல்லியே." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்படி எங்கதான் போறீங்க?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு. இந்த வண்டி அங்க வராதுன்னுட்டாரு."

டெபுடி தன் வண்டிக் கதவைத் திறந்தார்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்" என்றார். "என் பின்னாடியே வாங்க. இல்ல, நீங்க முன்னாடி... சரி விடுங்க, என் வண்டியைப் பாத்துக்கிட்டே வாங்க."

இப்போது புரிகிறதா, மாமா? போலீஸ் வண்டி முன்னால், நாங்கள் பின்னால், எங்கள் வண்டியின் பின்பக்கம் முன்னால். கிரிம்ஸ்லி அம்மா பார்த்தது சரி. நடுவில் கயிறு ஒன்றைத் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது, இடைவெளி கண்டால் எதையாவது கட்டிவிடும். கயிறு இல்லை. ஆதாரம்: தங்கள் தெருத் திருப்பத்தில் இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு நாய் கடந்தது. நிதானமாக. கயிறு இருந்திருந்தால் தடுக்கியிருக்கும்.

தங்கள் ரோஜாச் செடியை உரசிக்கொண்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தோம். நீங்கள் மீன்பிடிக்கப் போய்விட்டீர்கள். அம்மா படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் காத்திருந்தாள். அடிக்கடி எழுந்து போய் வண்டியின் மேல் விழுந்த இலையை எடுத்துப் போட்டாள். பிறகு வந்தபடியே திரும்பினோம்.

வீடு வரைக்கும் சிரிப்பு. ஞாயிறு காலை வரைக்கும் சிரிப்பு. முட்டை பொரிக்கும்போதுகூட. அப்போதுதான் உங்கள் தொலைபேசி அழைப்பு. என் காதில் நீங்கள் பேசியது பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது. அடுப்பை அணைத்தாள். கொட்டகைக்குப் போய் அச்சைக் கழற்றத் தொடங்கினாள்.

"இன்னொரு தடவை போனா நம்பிடுவாரும்மா."

"அதே மாதிரி போனா அதே மாதிரிதான் பாப்பாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. நான் உதவப் போனேன். "உன் இடதும் வேணாம், வலதும் வேணாம், உள்ள போய்ப் படி" என்றாள்.

இப்போது திங்கள் மதியம். சற்றுமுன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அச்சு தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நான் அறிந்தவரை பொழுது சாய்வதற்குள் அது காராக ஆகாது. ஆகவே என்னிடம் மிச்சமிருப்பது வாதம் மட்டும். தன் காலால் வரவேண்டும் என்றீர்கள். எந்தக் கால் முன்னால் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது வந்ததுதான். சந்தேகம் இருந்தால் டெபுடி காஃப்மனைக் கேட்டுப் பாருங்கள். கொட்டகையை அவளுக்கே விட்டுவிடும்படி, முறிந்த ரோஜாக் கிளைக்கு மன்னிப்பும் கேட்டு, தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் தூண்டிலுக்குக் கொழுத்த மீனையும் தங்கள் படகுக்கு அமைதியான தண்ணீரையும் ஆண்டவன் அருளட்டும். அந்தப் படகுக்கான கூரையை மட்டும் வேறெங்காவது அருளட்டும்.

தங்கள் அன்பு மருமகன்,
வெண்டெல்

பி.கு. உறை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள். முழங்கை வரை கிரீஸ். மேசை மேல் இருந்ததை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. எப்படி அனுப்பப்போறே?"

"தபால்ல."

"இன்னிக்கு லீவுடா. நாளைக்குத்தான் எடுப்பான்."

எனக்கு இது தோன்றவேயில்லை.

"குடு, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றாள்.

"எதுலம்மா?"

ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். மாமா, நான் வாதத்தில் மூழ்கியிருந்த நேரத்தில் அவள் அச்சைக் கோத்து மாட்டித் தெருவை ஒரு சுற்றும் சுற்றி வந்துவிட்டாள். சத்தம் கேட்கத்தான் செய்தது. பக்கத்து விமானதளத்தில் ஏதோ புது விமானத்தைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. இந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கிறது என்றால் கார் உங்கள் வாசலில் இருக்கிறது. வெயிலும் இன்னும் இருக்கும். என்ஜினை அவள் அணைக்க மாட்டாள். உங்களை ஏறச் சொல்லவும் மாட்டாள். நான் அவளோடு வரவில்லை. வேண்டுமென்றேதான். பக்கத்து இருக்கை காலியாக வருகிறது. படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் ஏறுங்கள், மாமா.