எழுத்தாளராக வாசித்து வேலியை இழந்த கதை

நாவல் வாசிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரேயொரு கேள்விதான்: "இது ஆற்றை கதை?" (யாருடைய கதை என்று.) பாத்திரம் எப்படி உருவாகியிருக்கிறது, கதை ஏன் இந்த இடத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் வேண்டாம். அந்த ஆள் எந்த ஊர், எந்த ஒழுங்கை, யாரைக் கட்டினவர் என்று தெரிந்தால் போதும். எனக்கு இந்தப் புத்தி பிடிக்காது. அப்போது இன்னும் பிடிக்காது. என்னுடைய சிறுகதைகள் இரண்டு அச்சில் வந்திருந்தன. (இரண்டுதான். தலைக்கனத்துக்கு அது தாராளம்.)

கொரோனா ஊரடங்கில் சூமில் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினோம். 'எழுத்தாளராக வாசித்தல்' என்று பெயர் வைத்ததும் நான்தான். கதையை ரசிப்பதல்ல வேலை. மோட்டார் சைக்கிள் இஞ்சினைப் போல் கழற்றிப் பார்ப்பது. ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் கொஞ்சப்பேர் வருவார்கள். பக்கத்து வீட்டுச் சிவபாதம் மாமாவின் மகன் ரூபனும் ரொறன்ரோவிலிருந்து வருவான்.

முதற் கூட்டத்திலேயே கொழும்புத்துறை ரீச்சர் ஒருவர் கேட்டார்: "தங்கச்சி, உதிலை வாற விதவை ஆர்? எங்கடை பக்கமோ?"

நான் பாய்ந்தேன். "பாத்திரம் வேறை, ஆள் வேறை, ரீச்சர்! ஊர்வம்பு வேணுமெண்டால் சந்தைக்குப் போங்கோ. இஞ்சை வராதேங்கோ."

பாவம், அதற்குப் பிறகு அவர் கமெராவை நிறுத்திவிட்டுத்தான் இருப்பார்.

இனி வீட்டு நிலைமை. எங்களுக்கும் சிவபாதம் மாமாவுக்கும் நடுவே கிளுவை வேலி. அப்பா அதை மாமாவின் பக்கம் நகர்த்தி, அரக்கிக் காணியைப் பிடித்துவிட்டார் என்று அவர் மத்தியஸ்த சபைக்குப் போயிருந்தார். "ஒரு விரலளவும் அரக்கேல்லை" என்று அப்பா அங்கே கைகூப்பிச் சொன்னார். சாட்சி இல்லை. (சின்ன வயதில் வேலி நடக் கயிறு பிடித்த என்னைத் தவிர.) அந்த வாய்ச்சொல்லில்தான் வேலி நின்றுகொண்டிருந்தது.

அந்த மாதம் திருகோணமலைப் பெண் ஒருவரின் நாவல். அவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். நாவலில் ஒரு கிழவர். வேலி அடைக்கும்போதெல்லாம் வேலிக்கம்பான கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவார். கேட்டால், "வேலியும் மரந்தானே, வளரும்" என்பார். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது. மடித்துக் கட்டிய சாரம், காதில் செருகிய குறைச் சுருட்டு, எல்லாம் அப்பாவேதான்! (எங்கள் பகுதிக் கிழவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் என்பது மண்டையில் ஏறவில்லை.) ரூபன் வீட்டார்தான் சொல்லிக் கொடுத்து எழுதுவித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

பாத்திர வார்ப்பைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"உது அப்பட்டமான பொய்!" என்று கத்தினேன். "என்ரை அப்பா வருசாவருசம் அரக்கேல்லை. ஒரே ஒருக்கால்தான்!"

ரூபன் மிக மரியாதையாகக் கேட்டான்: "எந்தப் பக்கம், அக்கா?"

"கிணத்தடிப் பக்கம்."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு முழம். அதுவும் பலாமரத்துக்காக."

(கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்தப் பாவி பழக்கினானோ.)

நாவலாசிரியை மெல்ல வாய் திறந்தார். "அக்கா, நான் யாழ்ப்பாணத்துக்கு வந்ததேயில்லை. அது என்ரை பெரியப்பா."

ரீச்சரின் கமெரா உடனே திறந்தது. "பாத்திரம் வேறை, ஆள் வேறை, தங்கச்சி."

விடிந்ததும் சிவபாதம் மாமா வேலியடியில் நின்றார். "அண்ணை, பிள்ளை நல்லாக் கதைச்சதாமே?"

அப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் சாகுமட்டும் வாய் திறந்திருக்க மாட்டன்."

ஊரடங்கு தளர்ந்ததும் வேலி பழைய இடத்துக்குப் போனது. பலாமரம் இப்போது அந்தப் பக்கம். பழுத்தால் வேலிக்கு மேலால் ஒரு பாதி வரும்: "இந்தாங்கோ, எழுத்தாளருக்குக் குடுங்கோ." அப்பா தொடமாட்டார். நான் தின்பேன். மானம் போய்விட்டது, பழத்தையும் ஏன் விட வேண்டும்?

நான் புத்தகத்தோடு குந்தினால் போதும், உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும். வீட்டில் எல்லோரும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"வாசி பிள்ளை, வாசி. வாயை மூடிக்கொண்டு வாசி."