துரைக்குக் கிடைத்த கோப்பையும் எனக்குக் கிடைத்த கைத்தட்டலும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மாமியாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது தாங்கள் அறிந்ததே. தங்கள் சுகமும், என் மகள், பேத்தி சுகமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் நாயின் சுகமும் அறிய ஆவல். நாய்க்குத் தாங்கள் வைத்த பெயர் என் வாயில் நுழையாததால் நான் துரை என்றே கூப்பிட்டு வருகிறேன். காரில் முன் சீட்டில் ஜன்னலோரம் அவன்தான் உட்கார்ந்து வருகிறான், நான் கடைசி வரிசையில் தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருக்கிறது.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் தாங்கள் ஏற்பாடு செய்திருக்கும் மூன்று நாள் கடற்கரைச் சுற்றுலாவுக்கு நான் வருவதற்கில்லை. அதற்குப் பிறகு வரும் எந்தச் சுற்றுலாவுக்கும், கண்காட்சிக்கும், போட்டிக்கும் வருவதற்கில்லை. ஏன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

இந்த இரண்டு வருடத்தில் எங்களை ஒன்பது இடங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். தெருவில் பார்ப்பவர்களெல்லாம், "இந்தக் காலத்துல மாமனார் மாமியார யாருங்க இப்படிக் கூட்டிட்டுப் போறாங்க" என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். முதலில் கோட்டைக்குப் போனோம். வாசலில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. தாங்கள் பலகையைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "மாமா, மேல முந்நூறு படியாம். உங்க முட்டிக்கு ஆகாது" என்றீர்கள். என் முட்டிக்காக இவ்வளவு கவலைப்படும் ஒருவர் கிடைத்தாரே என்று உருகிப்போய்த் துரையின் வாரைக் கையில் வாங்கிக்கொண்டேன். அடுத்தது அருங்காட்சியகம். அங்கே படியே கிடையாது. "உள்ள ஏசி மாமா, உங்களுக்கு ஒத்துக்காது" என்றீர்கள். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. நானும் துரையும் நம் பைகளோடு மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பைகளை ஒப்படைக்கும் இடம் அதுதான் என்று நினைத்து, ஒரு பள்ளிக்கூடமே வந்து நாற்பது பைகளை என் முன்னால் குவித்துவிட்டு உள்ளே போனது. கூட வந்த டீச்சர் டோக்கன் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். வேறென்ன சொல்ல. அதற்குப் பின் கலங்கரை விளக்கம், அணை, பறவைகள் பூங்கா என்று எங்கே போனாலும் நான் பார்த்தது வண்டி நிறுத்துமிடமும் அந்தப் பலகையும்தான். திரும்பி வரும்போது தங்கள் மாமியார், "எவ்ளோ பெரிய பீரங்கி தெரியுமா" என்று எனக்குக் கைகளை விரித்துக் காட்டிக்கொண்டு வருவாள். கோட்டைக்கே போகாதவனுக்குச் சொல்வது போலச் சொல்வாள். நானும் போகாதவன்தானே.

பொழுது போகாமல்தான் துரைக்குப் பாடம் எடுத்தேன். துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருடம் கிரேனுக்குக் கைகாட்டும் வேலை பார்த்தவன் நான். உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது தெரியாது. தூக்கு, இறக்கு, மெதுவாக, நில், எல்லாம் என் கையைப் பார்த்துத்தான் நடக்கும். அதே சைகைகளைத் துரைக்குக் காட்டினேன். முஷ்டியை மடக்கினால் உட்கார்ந்துவிடுவான். நான் உள்ளங்கையை விரிக்கிற வரை அசைய மாட்டான், எதிரில் பூனை போனாலும் சரி. ஒரு நாள் தாங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். மறுநாளே நகரத்துப் பிராணிகள் கண்காட்சியில் கீழ்ப்படிதல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள்.

போட்டியன்று தங்கள் மாமியார் என் வெள்ளைச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேருக்குப் போன் போட்டு, இன்றைக்கு நான் மேடை ஏறினாலும் ஏறுவேன் என்றும் சொல்லிவிட்டேன். அது என் தப்பு. மைதானத்தில் இறங்கியதும் தாங்கள், "மாமா, நீங்க சும்மா வாரப் பிடிச்சுட்டு நில்லுங்க, கமாண்ட் நான் கொடுக்கறேன்" என்றீர்கள். கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில் மூன்று முறை கொடுத்தீர்கள். துரை கொட்டாவி விட்டான். அப்புறம் நான் இடுப்புக்குக் கீழே முஷ்டியை மடக்கினேன். இருபது டன் பெட்டியை இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்தான். நடுவர் தங்களைப் பார்த்துத் தலையாட்டினார். தாங்களும் தலையாட்டினீர்கள். பதினாறு நாய்களில் துரைக்கு முதல் பரிசு.

மேடையில் கோப்பையைத் தாங்கள் வாங்கினீர்கள். நியாயம், நாய் தங்களுடையது. துரை நடுவில் அமைதியாக இருக்கட்டும் என்று முஷ்டி காட்டி உட்கார வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். அப்போதுதான் மைக் பிடித்தவர் சொன்னார்: "ஓனருக்கு வாழ்த்துகள். நாயப் பாத்துக்கற வேலையாளுக்கும் ஒரு கைத்தட்டல் குடுத்துடுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு என்னைத் தெரியாது. என்னைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்களே. நீங்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். சரி, நீங்கள் வேறு வீட்டில் பிறந்த பிள்ளை. நான் முன்வரிசையைப் பார்த்தேன். என் மகள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். உடனே போனுக்குள் பார்த்துக்கொண்டாள். பேசினால் கை ஆடிப் படம் கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாள் என்று பஸ் நிறுத்தம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கைத்தட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது. வேலையாளுக்கு மனசாரக் கைதட்டுகிற ஊர்.

வேலையாள் என்பது கேவலமில்லை மாப்பிள்ளை. முப்பத்துமூன்று வருடம் அதைத்தான் செய்தேன். அங்கே சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவும் உண்டு.

வாரைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்து டவுன் பஸ் ஏறினேன். துரைக்கு உள்ளங்கையை விரிக்காமல் வந்துவிட்டேன் என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, மேடைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. என்ன கை காட்டணும்?" என்றாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா" என்று வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது. பிறகு நாலு பேர் சேர்ந்து துரையை உட்கார்ந்த வாக்கிலேயே பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி இறக்கினார்கள் என்று தங்கள் மாமியார் வந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குடும்பக் குழுவில் தாங்கள் போட்டிருந்த படத்தையும் காட்டினாள். தாங்கள், கோப்பை, துரை, ஓரத்தில் வெள்ளைச் சட்டைக் கை ஒன்று. மணிக்கட்டு வரைக்கும் நான் இருக்கிறேன்.

ஆகவே இனி எனக்காகக் காரில் இடம் ஒதுக்க வேண்டாம். தாங்களும் என் மகளும் பேத்தியும் நோய் நொடியில்லாமல், போகிற இடமெல்லாம் படி ஏறி, ஏசியில் நின்று, எல்லாவற்றையும் கண்குளிரப் பார்த்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டி வைத்த கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை மகள் துரையோடு வந்திருந்தாள். அவன் இரண்டு நாளாகத் தட்டில் வாய் வைக்கவில்லையாம், இங்கே வந்ததும் எனக்கு வைத்த தட்டையும் சேர்த்து நக்கிவிட்டான். மேடை விஷயத்தை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது பையிலிருந்து மாவட்டப் போட்டிக்கான ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். போட்டி அந்தக் கடற்கரை ஊரில்தானாம். எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். நாயை நடத்துபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. 'உரிமையாளருக்கு என்ன உறவு' என்ற கட்டம் மட்டும் காலி. "அத நீங்களே எழுதிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

எழுதிவிட்டேன். மைக் பிடிப்பவர் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி 'மாமனார், பெண்ணைப் பெற்றவர்' என்று கொஞ்சம் பெரிதாக எழுதியதில், பக்கத்திலிருந்த தடுப்பூசிக் கட்டத்துக்குள்ளும் எழுத்து ஏறிவிட்டது. மன்னிக்கவும். கிளம்புகிற அன்று காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறேன்.