இரண்டு பேருக்கும் எட்டு வரவில்லை

சினேகாவின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: ‘எட்டு சரியாக வரவில்லை.’

பாண்டீஸ்வரி அதைப் படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். அன்று காலையில்தான் லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்தில் ஆய்வாளர் அவளிடமும் இதையே சொல்லியிருந்தார்.

“எட்டு வரலையேம்மா. வண்டியை விட உங்க காலுதான் தரையில அதிகம் ஓடுது. அடுத்த வாரம் வாங்க.”

மகளுக்கு நாலரை வயது. நோட்டில் எட்டு போட வேண்டும். தாய்க்கு இருபத்தொன்பது; ஸ்கூட்டரில் எட்டு போட வேண்டும், காலை ஊன்றாமல்.

சினேகா பிறந்தபோது விட்ட வேலை மறுபடி கிடைக்கவிருந்தது. காரைக்குடி லேப் ஒன்றுக்கு, அமராவதிபுதூர் பக்கம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க ஆள் தேவை. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. நாலரை வருஷமாக அவள் ஊசியால் குத்தியது கிழிந்த துணிகளை மட்டும்தான்.

கணவன் உதயகுமார் டைரியைப் பார்த்துச் சிரித்தான்.

“எட்டு என்ன பெரிய வித்தையா? முட்டை மேல முட்டை. அம்புட்டுத்தான்.” மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான்.

“எனக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

“நீ அந்த ரெண்டு முட்டையையும் சுத்திப் போ.”

மறுநாள் டைரியில் வந்தது: ‘எட்டு கேட்டால் முட்டை வரைகிறாள். பக்கத்தில் கோழியும் நிற்கிறது.’

இனி அவனை நம்பிப் பயனில்லை என்று பாண்டீஸ்வரி முடிவு செய்தாள். விடிந்ததும் ஸ்கூட்டரையும் மகளையும் கூட்டிக்கொண்டு சாக்கோட்டைக் கண்மாய்க்கரைப் பொட்டலுக்குப் போனாள். அரிசி மாவால் தரையில் பெரிய எட்டு போட்டாள். ஒரே வேலையில் இரண்டு பேரும் படித்துவிடலாம் என்று கணக்கு.

“அம்மா போடுறதை நல்லாப் பாரு. இதேமாரிதான் நீயும் போடணும். ஒண்ணு விடாமப் போடணும், சரியா?”

தண்ணீர்க் கேனின் மேல் உட்கார்ந்திருந்த சினேகா தலையை ஆட்டினாள்.

இரண்டு சுற்றுக்குள் ஆடுகள் வந்துவிட்டன. அரிசி மாவு என்றால் விடுமா? இடப்பக்கம் முழுவதையும் நக்கிவிட்டுப் போயின. அன்று டைரியில், ‘எட்டு கேட்டால் மூன்று போடுகிறாள்’ என்று இருந்தது.

அடுத்த நாள் சுண்ணாம்புப் பொடி கொண்டுபோனாள். ஆடு தொடவில்லை, ஆனால் தினமும் ஐந்து மணிக்கு எழுந்ததில் உடம்பு விட்டுப்போனது. ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், மறுநாள் போடவே இல்லை.

“நேத்துக் குழம்பு மிச்சம் இருந்தா ரெண்டையும் கலந்துருவமா?” என்று கேட்டான் உதயகுமார்.

சினேகா வகுப்பில் தூங்கினாள். அதற்கும் டைரியில் ஒரு வரி வந்தது. எட்டுக்கான வரியும் நிற்கவில்லை: ‘இன்னும் தவறு.’ நோட்டைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்வதால் என்ன தவறு என்றும் தெரியவில்லை. வீட்டில் எழுதச் சொன்னால், “கை வலிக்குது” என்று ஓடிவிடுவாள்.

பாண்டீஸ்வரி பயிற்சியை அரை மணி நேரம் கூட்டினாள். பிள்ளையார்பட்டிக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டாள். இரண்டாவது டெஸ்டிலும் ஊன்றினாள். மூன்றாவதில், கடைசி வளைவில், ஒரே ஒரு தடவை ஊன்றினாள்.

“ஒரு காலுன்னாலும் காலுதாம்மா,” என்றார் ஆய்வாளர்.

மாதம் முடிய இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் நாள்தான் இருந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது. இத்தனை நாள் விடியலில் எழுந்து கண்டது என்ன? பிள்ளையும் தேறவில்லை, தானும் நகரவில்லை என்று அழுகையாக வந்தது. ‘வேலைக்கு வரமுடியாது சார்’ என்று லேபுக்குச் செய்தி தட்டி வைத்தாள். அனுப்பப் போகும் நேரம் பள்ளியிலிருந்து போன் வந்தது, நேரில் வரச் சொல்லி.

வகுப்பாசிரியை புஷ்பவள்ளி மிஸ் நோட்டை விரித்து வைத்தார். சினேகா பக்கத்தில் கை கட்டி நின்றாள்.

“எட்டு நல்லாத்தானே போட்டுருக்கா மிஸ்!”

“எட்டு நல்லாத்தான் இருக்கு. அது மேல புள்ளி புள்ளியா வைக்கிறா பாருங்க. அழிக்கச் சொன்னா மாட்டேங்குறா. புள்ளியோட இருந்தா நான் எப்புடி ரைட் போடுறது?”

பாண்டீஸ்வரி பக்கங்களைப் புரட்டினாள். முட்டையும் மூன்றும் தாண்டி வந்த முதல் எட்டுகளில் ஏழேழு புள்ளி. அப்புறம் ஐந்து. ஒரு நாள் ஆறு. பிறகு மூன்று, இரண்டு. நேற்றைய பக்கத்தில் எல்லா எட்டிலும் கடைசி வளைவில் ஒரே ஒரு புள்ளி.

அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“ஏண்டி, யாரைப் பாத்துடி இப்படிப் புள்ளி வைக்கிற?”

சினேகா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“உங்களைப் பாத்துத்தான். அதெல்லாம் நீங்க கால் ஊண்டுற எடமாம். அந்த ஒண்ணையும் ஊண்டாம வந்துட்டீகன்னா, இவளுக்கு நான் ரைட் போட்டுருவேன்.”