தொலைபேசியில் வளர்ந்த பச்சோந்தி

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பெட்டியைத் திறந்தீங்களெண்டா நான் இந்த வீட்டில நிக்க மாட்டன்.”

சாமி அறை வாசலில் நின்று வசந்தமலர் சொன்னாள். கணவர் செல்வரத்தினத்தின் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் உயிரோடு சில்வண்டுகள். மேசைமேல் இருந்த வலைக்கூட்டுக்குள் மகள் கஜந்தினியின் பச்சோந்திக் குட்டி, ஒரு கண்ணால் அவரையும் மற்றக் கண்ணால் வசந்தமலரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“நாங்களே தின்னப்போறம்? அதுதானே தின்னப்போகுது.”

“ஆர் திண்டா என்ன? வெள்ளிக்கிழமை என்ர வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. அவ்வளவுதான்.”

“அது பச்சோந்தி, மலர். அதுக்குச் சைவம் அசைவம் தெரியுமோ?”

“பழக்கினாத் தெரியும். கஜந்தினியும் சின்னனில மீன் இல்லாட்டிச் சாப்பிட மாட்டன் எண்டு அழுதவள்தானே. பழக்கினனோ இல்லையோ?”

அவள் கொண்டுவந்திருந்த தட்டில் அவித்த பயத்தங்காய்த் துண்டுகளும் கொஞ்சம் பருப்பும் இருந்தன. கூட்டின் கதவைத் திறந்து உள்ளே வைத்தாள். குட்டி பருப்பைப் பார்த்தது. பச்சையாக இருந்த உடம்பு மெல்ல மெல்லப் புகையிலை நிறத்துக்கு வந்தது.

“பாரும், கோவம் வருது அதுக்கு.”

“வரட்டும். பசிச்சா எல்லாம் தின்னும்.”

லண்டனின் நோர்பரிப் பகுதியில் இருந்த அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மச்சம் கிடையாது. அதற்கு மேல் சதுர்த்தி, அமாவாசை, விரதங்கள். லண்டனுக்கு அகதியாக வந்து ஒரே அறையில் முடங்கிக் கிடந்த காலத்தில்கூட வசந்தமலர் இதை விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு விரலளவுப் பிராணிக்காக இப்போது விட்டுக்கொடுப்பாளா?

செல்வரத்தினத்தின் கவலை வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் மகள் போன் எடுப்பாள்.

கஜந்தினி செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் போனவள். டொக்டருக்குப் படிக்க. போனாள் என்பதைவிட, அனுப்பப்பட்டாள் என்பதே சரி. அவளுக்கு ஊர்வனவும் அவற்றின் முட்டையும் குஞ்சும்தான் உலகம். “ஓணானுக்குப் பின்னால திரியிறதுக்கோ நான் பெற்றோல் ஸ்டேஷனில நிண்டு கால் வீங்கினனான்?” என்று ஒரே கேள்வியில் செல்வரத்தினம் அந்த விருப்பத்தை முடித்துவைத்தார். ஊரில் மருத்துவக் கல்லூரிக்கு மயிரிழையில் தவறியவர் அவர். அந்த வெள்ளைக் கோட்டு மகளுடைய தோளிலாவது ஏற வேண்டும்.

புறப்பட்ட அன்று அவள் அப்பாவின் காரில் ஏறவில்லை. ரெயிலில் தனியே போவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

“அப்பா, இந்த வீட்டில ஒரு உயிரையாவது அதின்ர போக்கில வளர விடுவீங்களோ எண்டு பாப்பம். குட்டி ஒழுங்கா வளர்ந்தா கிறிஸ்மசுக்கு வருவன். இல்லாட்டி என்னை எதிர்பாக்காதேங்கோ.”

பிறகு வளர்க்கும் முறையைச் சொன்னாள். நாள்தோறும் உயிருள்ள பூச்சி. பூச்சியின்மேல் கல்சியப் பொடி தூவவேண்டும். வளர்கிற எலும்பு அதில்தான் பலப்படும். கூட்டுக்கு மேலே வெயிலின் கதிரைத் தருகிற விசேஷ விளக்கு எரியவேண்டும். அது இல்லாவிட்டால் தின்ற கல்சியம் எலும்பில் சேராது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது. இலையில் தெளித்தால் துளித்துளியாக நக்கும்.

செல்வரத்தினம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள் அவரோடு வாய் நிறையக் கதைத்து எவ்வளவோ காலம். அதனால் சொன்னதைக் கேட்காமல், சொன்ன முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

போன் அடித்தது.

“அப்பா, குட்டி எப்பிடி?”

“சுகமாயிருக்கு, குஞ்சு.”

“நிறுத்துப் பாத்தனீங்களோ? கூடியிருக்கோ?”

காலையில்தான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

“கூடியிருக்கு. நல்லாக் கூடியிருக்கு.”

“உண்மையாவோ?”

அந்தக் குரலில் ஒரு மலர்ச்சி. செல்வரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இனி ஒவ்வொரு வெள்ளியும் குட்டி வளர்ந்தே தீரும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

“உன்ர படிப்பு எப்பிடியம்மா?”

“நல்லாப் போகுதப்பா. அனட்டமியில நல்ல மாக்ஸ்.”

வசந்தமலர் போனைப் பறித்தாள். “இண்டைக்கு மச்சம் தின்னேல்லைத்தானே?”

“இல்லையம்மா.”

“பாத்தீங்களோ,” என்றாள் வசந்தமலர் போனை வைத்துவிட்டு. “பழக்கின பிள்ளை.”

அடுத்த நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பட்டினியை ஈடுசெய்ய, செல்வரத்தினம் பெட்டியில் இருந்த சில்வண்டுகள் அவ்வளவையும் கூட்டுக்குள் கொட்டினார். குட்டி தின்னக்கூடியதைத் தின்றது. மிஞ்சியவை வலையின் இடுக்கால் வெளியேறி வீட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. அதில் ஒன்று சாமி அறைக்குள் புகுந்தது. வசந்தமலர் தேவாரம் தொடங்கும் நேரம் பார்த்து அதுவும் தொடங்கியது.

“இஞ்சருங்கோ! பிள்ளையார் படத்துக்குப் பின்னால மச்சம் நிண்டு பாடுது!”

அன்றோடு சில்வண்டுப் பெட்டி வீட்டுக்கு வெளியே கராஜுக்குப் போயிற்று. அடுத்து கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம்.

“நான் பாலும் பழமும்தான். அதுவும் அப்பிடியே இருக்கட்டும். புண்ணியம்,” என்று வசந்தமலர் வெள்ளிக் கிண்ணத்தில் பால் வைத்தாள். குட்டி கிண்ணத்துக்குள் ஒரு காலை விட்டு, எடுத்து, உதறியது.

செல்வரத்தினம் வழி கண்டுபிடித்தார். கூட்டை விளக்கோடு காரில் ஏற்றித் தான் வேலை செய்யும் பெற்றோல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். பின்னால் சாமான் அறையில் ஒளித்துவைத்துச் சாப்பாடு போடுவது திட்டம். தோர்ன்டன் ஹீத் சந்தியில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். விசேஷ விளக்கு உடைந்தது. கல்சியப் பொடி கார் சீட்டெல்லாம் கொட்டியது. குட்டி மட்டும் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு கறுப்பாக நின்றது.

அவரோடு ஷிப்ட் செய்கிற பரமேஸ்வரன் எல்லாம் தெரிந்தவர். ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணை, பல்பெண்டா பல்புதான். வெளிச்சம் வந்தாச் சரி.”

“வெயில்ர கதிர் வரவேணுமாம்.”

“லண்டனில எங்களுக்கே வெயில் இல்லை. பல்லிக்கு வெயில் கேக்குதோ?”

“அப்ப அந்தப் பொடி?”

“அது வெள்ளையா இருந்தது. வேற வெள்ளைப் பொடி வீட்டில இல்லையோ?”

இருந்தது. புட்டுக்கு வைத்திருந்த வறுத்த அரிசிமா. விரதம் முடிந்த நாள்முதல் குட்டிக்குச் சமையலறை பல்பின் வெளிச்சத்தில், செவ்வாய் வெள்ளி நீங்கலாக, அரிசிமா தூவிய சில்வண்டு கிடைத்தது.

தொலைபேசியில் அது வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு வெள்ளியும் செல்வரத்தினம் கொஞ்சம் நீளம் கூட்டினார், கொஞ்சம் எடை கூட்டினார். கஜந்தினியும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய மாக்ஸும் வாரத்துக்கு வாரம் ஏறியது. லூயிஷாம் சிவன் கோவிலில் கண்டவர்களிடமெல்லாம் செல்வரத்தினம் அதைச் சொன்னார். சொல்லும்போது அவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

“அப்பா, ஒரு படம் எடுத்து ஈமெயில் பண்ணுங்கோ. பக்கத்தில ஏதாவது வைச்சு எடுங்கோ. அப்பதான் அளவு தெரியும்.”

பரமேஸ்வரன் டிஜிட்டல் கமெராவோடு வந்தார். கடையிலிருந்த உருளைக்கிழங்குகளிலேயே ஆகச் சின்னதை, கோலிக்குண்டு அளவானதைப் பொறுக்கிக் குட்டியின் பக்கத்தில் வைத்தார்.

“பாருங்கோ அண்ணை, முதலை மாதிரி நிக்குது.”

அடுத்த வெள்ளி கஜந்தினி போனில் கொஞ்சம் தயங்கினாள்.

“உருளைக்கிழங்கைவிடப் பெரிசா வளர்ந்திட்டுது என்னப்பா?”

“நான் சொன்னனான்தானே.”

“முன்னங்கால் கொஞ்சம் வளைஞ்ச மாதிரிக் கிடக்கு.”

“அது ஸ்டைலா நிக்குது, குஞ்சு.”

 பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“சரி. சொன்ன சொல் சொன்னதுதான். கிறிஸ்மசுக்கு வாறனப்பா.”

செல்வரத்தினம் போனை வைத்துவிட்டுக் குழந்தைபோலச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூட்டைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

கிளையில் ஏற முயன்ற குட்டி வழுக்கி அடியில் விழுந்து கிடந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. எழும்பப் பார்த்தது. முடியவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த வசந்தமலரும் பார்த்தாள்.  பிறகு கராஜுக்குப் போய்ச் சில்வண்டுப் பெட்டியை எடுத்துவந்தாள். வெள்ளிக்கிழமை. சாமிக்கு விளக்கு வைத்துக்கூட முடியவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு, தன் கையாலேயே ஒரு பூச்சியை எடுத்துக் குட்டியின் வாய்க்கு நேரே பிடித்தாள். குட்டி வாயைத் திறந்தது. நாக்கு பாதிவரை வந்து திரும்பிப் போயிற்று.

“ஏலாதாமப்பா அதுக்கு.” அவள் குரல் உடைந்தது. “இந்தச் சின்னனை என்ன செய்து வைச்சிருக்கிறம்?”

“நான் ஒரு வழி பாக்கிறன்.”

“என்ன வழி? மிருக டொக்டரிட்டக் கொண்டு போங்கோ.”

“கொண்டு போவம். ஆனா மருந்து குடுத்தாலும் கிறிஸ்மசுக்குள்ள வளர்த்தி வருமோ? இதை மாதிரியே பெரிசா ஒண்டு வாங்கிக் கூட்டுக்குள்ள விடுவம். இதை மேல் அறையில வைச்சுப் பாப்பம்.”

“ஒண்டைப் பழுதாக்கிப்போட்டு இன்னொண்டைக் காட்டுறதோ? பெத்த பிள்ளையைப் பொய் சொல்லிக் கூப்பிடுறதோ?”

“உண்மை சொன்னா வருவாளோ?”

 வசந்தமலர் பூச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் செல்வரத்தினம் லூயிஷாமுக்கு ரெயில் ஏறினார். மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் பழைய துணியில் குட்டி. சந்தைக்குப் பின்னால் இருந்த ஊர்வனக் கடையில்தான் கஜந்தினி குட்டியை வாங்கியிருந்தாள். அதே இனம், அதே புள்ளி வேண்டுமென்றால் அங்கேதான் கிடைக்கும்.

கடையில் ஒரு பெண் மட்டும் நின்றாள். சட்டையில் ராஜி என்று பெயர் குத்தியிருந்தது. மலேசியத் தமிழ்.

“வாங்க அங்கிள், என்னா வேணும்?”

செல்வரத்தினம் பெட்டியைத் திறந்தார். ராஜியின் சிரிப்பு போய்விட்டது. ஒரு விரலால் குட்டியின் தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“ஐயோ, எலும்பெல்லாம் ரப்பர் மாதிரி இருக்கே. யாரு அங்கிள் இத இப்படி வளர்த்தது?”

“வேறை ஒரு ஆள்.”

“அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. வெளக்கு இல்ல, கால்சியம் இல்ல. தினமும் சாப்பாடாச்சும் போட்டாரா?”

“செவ்வாய் வெள்ளி போடேல்லை.”

“என்னாது?”

“ஒண்டுமில்லை. இது சுகம் வருமோ, பிள்ளை?”

“இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போனா உயிரக் காப்பாத்தலாம் அங்கிள். ஆனா வளைஞ்சது வளைஞ்சதுதான். நிமிராது.”

செல்வரத்தினம் பெட்டியை மூடினார். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“கொண்டு போறன். ஆனா அதுக்கு முதல் எனக்கு இன்னொண்டு வேணும். இதே சாடை, இதே புள்ளி. செப்டம்பரில இருந்து ஒழுங்கா வளர்த்திருந்தா இது இப்ப எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு பெரிசா.”

“யாருக்கு அங்கிள்?”

“மகளுக்கு.” அவரை அறியாமலே முதுகு நிமிர்ந்தது. “மான்செஸ்டரில டொக்டருக்குப் படிக்கிறா. வகுப்பில முதலாம் ஆள். கிறிஸ்மசுக்கு வாறா.”

“குடுத்து வச்சவரு நீங்க.”

“ஓம். சொல்லுக் கேட்டு வளர்ந்த பிள்ளை.”

ராஜி கூடுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வயசும் வளர்த்தியும் பார்த்து எடுக்க எனக்குத் தெரியாது அங்கிள், நம்ம கடையில ஒரு நோர்பரிப் பிள்ளை இருக்கு, உங்க மகளுக்கு நேர் எதிரு, டாக்டருக்கு இடம் கெடச்சும் போகாம செப்டம்பர்லயே இங்க வந்து வேலைக்குச் சேர்ந்துடுச்சு. கொஞ்சம் உக்காருங்க, கஜந்தினி சாப்பிடத்தான் போயிருக்கு, இப்ப வந்துடும்.”